கூஜா மாதிரி ஒரு தண்ணி பாட்டில்: மோல்டு போடலாமா, வேண்டாமா?

புதுவயல்காரி:

காரைக்குடியிலிருந்து புதுவயல் போற ரோட்டுல எங்க தண்ணி கம்பெனி இருக்கு. கம்பெனின்னதும் பெருசா நெனச்சுக்காதீக. ஒரு ஆர்.ஓ பிளான்ட், ஒரு பாட்டில் லைன், ரெண்டு வேன், அவ்வளவுதான். முதலாளிக அப்பாவும் சித்தப்பாவும். கணக்கு, ஆர்டர், வசூல், மண்டபத்துக்காரங்களோட சண்டை எல்லாம் நான். 20 லிட்டர் கேன்லதான் எங்களுக்குச் சோறு. 1 லிட்டர், அரை லிட்டர், 300 மில்லி பாட்டிலெல்லாம் முகூர்த்த மாசத்துல கிடைக்கிற குழம்பு.

எங்க பாட்டிலோட லேபிளை உரிச்சுட்டு வச்சா அப்பாவுக்கே அடையாளம் தெரியாது. பாட்டில் ஊதுற மெஷின் வாங்கும்போது கூடவே தள்ளிவிட்ட மோல்டு, அதாவது அச்சு, அது. அதே மோல்டு இந்த மாவட்டத்துல இன்னும் எத்தனை பேர்கிட்ட இருக்கோ. போன முகூர்த்தத்துல ஒரு மண்டபத்துல யாரோ இறக்கின பாட்டிலை எங்களோடதுன்னு நெனச்சு, "தண்ணி உப்புக் கரிக்குதே"ன்னு எனக்கு போன் போட்டு ஏசுனாக. அன்னைக்கு ராத்திரியே வீட்டுல பேச்சு ஆரம்பிச்சுருச்சு, சொந்தமா ஒரு பாட்டில் வேணும்னு.

அப்பா ஒத்துக்கல. "தண்ணி நல்லாருந்தா போதும்த்தா. சம்பை ஊத்துத் தண்ணி குடிச்சு வளர்ந்த ஊருல தண்ணியைக் காசுக்கு விக்கிறோம், அதுவே பெரிய காரியம். பாட்டிலுக்குச் சோடனை எதுக்கு?"ங்கிறாக. சித்தப்பாவுக்குச் சதுர பாட்டில்தான் வேணுமாம். நாலு பக்கமும் ஆத்தங்குடித் தரைக் கல்லுல இருக்கிற பூ அப்படியே புடைச்சு நிக்கணுமாம். அவுக மகன் போன்லயே வரைஞ்சு காட்டினான், பாக்க நல்லாத்தான் இருந்துச்சு.

எனக்குப் பிடிச்சது கூஜா. எங்க பரண்ல ஐயா ரயிலுக்குக் கொண்டுபோன பித்தளைக் கூஜா ஒண்ணு கிடக்கு. உருண்டை வயிறு, குட்டைக் கழுத்து, திருகு மூடி, மேல வளைஞ்ச கைப்பிடி. வீட்டுத் தண்ணியை மூடி கையோட தூக்கிக்கிட்டு ஊர் ஊராப் போனவுகதானே நம்ம ஆளுக. பங்களா முகப்பு, பர்மாத் தேக்குத் தூண், யானையெல்லாம் மசாலாப் பொடிக்காரங்க எப்பவோ போட்டு முடிச்சுட்டாக. கூஜாவை இன்னும் யாரும் தொடல.

தெரிஞ்சவுக சொல்லுங்க. அந்த வயிறு பிளாஸ்டிக்ல வருமா? செலவு எங்க போய் நிக்கும்? நாங்க போட்ட அடுத்த மாசமே இன்னொருத்தர் அதே மாதிரி இறக்கினா என்ன செய்யறது? என் தம்பி கம்ப்யூட்டர்ல வரைஞ்ச படம் இருக்கு, நாளைக்கு இங்க போடுறேன்.

ஊதுறவன்:

அக்கா, பாட்டில் ஊதுறதுதான் எனக்குத் தொழில், மதுரைப் பக்கம்.

ப்ரீஃபார்ம், அதாவது ஊதி பாட்டிலாக்குற குட்டி பிளாஸ்டிக் குழாய், வாங்கும்போதே அதுல கழுத்தும் மரையும் முடிஞ்சு வந்துருது. கழுத்து வளையத்துக்குக் கீழ உள்ளதுக்கு மட்டும்தான் மோல்டு உருவம் குடுக்கும். அதனால கூஜாவோட கழுத்தை மறந்துருங்க. கழுத்தை மாத்தினா மூடி மாறும், மூடி திருகுற மெஷின் தலையும் மாறும்.

உங்க சித்தப்பா கேட்ட சதுரத்தை நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன். ப்ரீஃபார்மைச் சூடு பண்ணி, உள்ள ராடு விட்டு நீட்டி, காத்து அடிக்கிறோம். உருண்டை மோல்டுல அது எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒண்ணாப் போய்ச் சுவரைத் தொடும். சதுரத்துல பக்கத்தோட நடுப்பகுதி முதல்ல தொட்டு அங்கேயே ஆறிரும். மூலைக்கு மிச்சம் இருக்கிறதுதான் இழுபட்டுப் போகும். அங்க சவ்வு மாதிரி மெலிஞ்சுரும், அதைச் சரிக்கட்ட ப்ரீஃபார்ம் எடையில கிராம் ஏத்தணும். இன்னொண்ணு, சோடா பாட்டிலை உள்ள இருக்கிற கேஸ் விறைப்பா நிறுத்தும். தண்ணி பாட்டில்ல தள்ளுறதுக்கு ஒண்ணுமே கிடையாது. தட்டையான பக்கத்தைப் பிடிச்சு மூடியைத் திறந்தா சட்டையெல்லாம் தண்ணி. பெரிய கம்பெனிகள்ல மூடி போடுறதுக்குச் சற்று முன்னாடி ஒரு சொட்டு லிக்விட் நைட்ரஜன் விட்டு உள்ள அழுத்தம் ஏத்துவாங்க. ரெண்டு வேன் ஓட்டுற கம்பெனிக்கு அது கட்டுப்படி ஆகாது.

கூஜா வயிறு வரும். ஆனா எவ்வளவு அகலமோ அவ்வளவு பக்கவாட்டுல இழுபடும், சுவர் மெலியும். 1 லிட்டருக்கு நான் ஊதுறது 18 கிராம்ல இருந்து 24 கிராம் வரைக்கும். ஒரு கிராம்தானேன்னு தோணும். ஒரு லட்சம் பாட்டிலுக்கு அது 100 கிலோ ரெசின். தோளையும் தட்டையா வைக்காதீங்க. பாட்டில் பெட்டி மேல பெட்டி அடுக்கும்போது சரிவான தோள் பாரத்தைக் கீழ இறக்கிரும், தட்டைத் தோள் குழிஞ்சுரும். சுத்தி வர்ற வரிக் கோடும் அழகுக்கு இல்ல. கையால அமுக்கும்போது நசுங்காம இருக்கத்தான் அது. அதையே நிறையப் போட்டா மேலேருந்து வர்ற பாரத்துக்குப் பாட்டில் மடியும்.

கல்லு டிசைன்ல இருக்கிற நுணுக்கக் கோடெல்லாம் சின்ன மெஷின் பிரஷருக்கு விழாது. பெரிய பூ, தடிச்ச கோடு, ஓரம் மழுங்கலா இருந்தா விழும். லேபிள் ஒட்டுற இடம் மட்டும் மொழுமொழுன்னு நேரா இருக்கணும்.

மோல்டு விலையை மட்டும் கணக்குப் போடாதீங்க. பாட்டில் விட்டம் மாறினா கழுவுறது, ரொப்புறது, மூடுறது மூணு இடத்துலயும் பாட்டிலைப் பிடிச்சு நகர்த்துற ஸ்டார் வீல், கைடு எல்லாம் மாத்தணும். இந்தச் செலவைத்தான் எல்லாரும் கடைசியில கண்டுபிடிக்கிறாங்க.

பந்தி மேஸ்திரி:

தங்கச்சி, மெஷின் பத்தி எனக்குத் தெரியாது. காரைக்குடி, தேவகோட்டை மண்டபங்கள்ல பந்தி பாக்குறவன் நான். உங்க பாட்டில் இலை ஓரத்துல என்ன பாடு படுதுன்னு வேணா சொல்றேன்.

2019 ஜனவரியில தண்ணிப் பாக்கெட்டைத் தடை பண்ணதுக்கப்புறம் பந்தியில சின்ன பாட்டில்தான். இப்ப வர்ற 300 மில்லி எல்லாம் ஒல்லியா, உயரமா இருக்கு. மேசையில பேப்பர் ரோல் விரிச்சிருப்போம், அது ஒரு இடத்துல மடிஞ்சாலே போதும், பாட்டில் ஆடும். சாம்பார் வாளியோட பையன் குனியும்போது முழங்கை பட்டுச் சாயும். மூடி திறந்த பாட்டில் இலையில சாஞ்சா அந்த ஆளு எந்திரிச்சுப் போற வரைக்கும் என்னைத்தான் பாப்பாரு. உங்க கூஜா வயிறு இந்த இடத்துக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. குட்டையா, அடி அகலமா, 300 மில்லிக்குப் போடுங்க. 1 லிட்டருக்கு வேண்டாம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போறவங்க பையில பக்கவாட்டு வலைக்குள்ள 1 லிட்டரைச் சொருகுவாங்க. குண்டு பாட்டில் அதுல நுழையாது. பெட்டிக்கடை ஃப்ரிட்ஜ்லயும் கடைக்காரரு இடம் தரமாட்டாரு.

மூடியைப் பத்தி யாருமே பேசலியே. ஒவ்வொரு பந்தியிலயும் "தம்பி, இதைத் திறந்து குடு"ன்னு வயசானவங்க நீட்டுவாங்க. கையில நெய் பட்டிருக்கும், வழுக்கும். மூடியில வரி ஆழமா இருக்கட்டும்.

பெரிய வேதனை எதுன்னா, பாதி குடிச்ச பாட்டில். பக்கத்து ஆளு பாட்டிலும் தன் பாட்டிலும் ஒண்ணு போல இருக்கும். பாயசம் வர்றதுக்குள்ள எது யாருதுன்னு தெரியாது, புதுசு ஒண்ணு கேப்பாங்க. பந்தி முடிஞ்சு பாத்தா மேசை பூராவும் முக்கால் பாட்டில். உங்க சித்தப்பா ஆத்தங்குடிக் கல்லு வேணும்னு ஆசைப்பட்டாருல்ல? அதை பாட்டில்ல செதுக்க வேண்டாம். லேபிள்ல போடுங்க, ஒரே பூவாப் போடாம ஏழெட்டு விதமா. ஒரு பெட்டிக்குள்ள எல்லாம் கலந்து வரட்டும். "என்னோடது மஞ்சப் பூ"ன்னு ஆளுக்கு ஆளு ஞாபகம் வச்சுக்குவாங்க. கல்யாண வீட்டுக்காரருக்குத் தண்ணி மிச்சம், எனக்குக் குப்பை மிச்சம்.

உங்களுக்கு வியாபாரம் கொஞ்சம் குறையும், அதையும் சொல்லிடுறேன்.

புதுவயல்காரி:

மேஸ்திரி அண்ணன் சொன்னதை அப்படியே சித்தப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். லேபிள் யோசனை தன்னோடதுதான்னு இப்பவே சொல்லிக்கிட்டு இருக்காக.

தேவகோட்டை டூ ஸ்டுட்கார்ட்:

நான் இருக்கிற நாட்டுல மினரல் வாட்டர்னா பெரும்பாலும் ஊற்றுத் தண்ணி, அதுல நிறையக் குடும்பக் கம்பெனிகள். அவங்க கதையைச் சொல்றேன், உங்களுக்கு உதவுமான்னு பாருங்க.

1969ல ஜெர்மன் ஊற்றுத் தண்ணிக் கம்பெனிகளோட கூட்டுறவுச் சங்கத்துக்காக குந்தர் குபெட்ஸ்னு ஒரு வடிவமைப்பாளர் 0.7 லிட்டர் கண்ணாடி பாட்டில் ஒண்ணு போட்டார். திருகு மூடி, நடுவுல கைக்கு அடங்குற இடுப்பு, மேல்பாதியில 230 குட்டிக் குட்டி முத்து. உள்ள இருக்கிற கேஸ் குமிழிக்கு அடையாளம்னும் வச்சுக்கலாம், ஈரக் கைக்குப் பிடின்னும் வச்சுக்கலாம். "முத்து பாட்டில்"னுதான் இங்க கூப்பிடுவாங்க. அது எந்த ஒரு கம்பெனிக்கும் சொந்தமில்லை. போட்டி போடுற ஊற்றுக்காரங்க அத்தனை பேரும் அதே பாட்டிலைத்தான் ரொப்புனாங்க, லேபிள் மட்டும் வேற. காலி பாட்டில் எந்த ஊர்க் கடைக்குத் திரும்பினாலும் பக்கத்துல இருக்கிற கம்பெனி எடுத்துக் கழுவிக்கலாம். ஒரு பாட்டில் 40, 50 தடவை வரைக்கும் சுத்தும். சின்ன சின்னக் கம்பெனிகள் பெரிய முதலாளிங்க முன்னாடி தாக்குப் பிடிக்க அது பெரிய துணையா இருந்துச்சு.

இதுக்கு நேர் எதிர்க் கதை பக்கத்து நாட்டுல. பிரான்சுல வெர்ஜேஸ் ஊற்றை வாங்கின ஹார்ம்ஸ்வொர்த்ங்கிற இங்கிலாந்துக்காரர் கார் விபத்துக்கப்புறம் உடற்பயிற்சிக்குச் சுத்தினது நம்ம ஊரு கரலாக்கட்டை. அந்த ஊற்றுத் தண்ணி வர்ற பெரியே (Perrier) பாட்டிலோட குண்டு உருவம் அதுலேருந்து வந்ததுன்னுதான் சொல்லுவாங்க. ஒரே பாட்டில், ஒரே கம்பெனி, பார்த்ததும் பேர் தெரியும்.

நீங்க ரெண்டாவது கதையைப் பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க. முதல் கதையையும் யோசிங்க. கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளை ஓட்டலா மாத்தியிருக்காங்க. அங்க தங்குறவங்க மேசையில பிளாஸ்டிக்கைப் பார்த்தா முகம் சுளிக்கிறாங்க. அக்கம்பக்கத்துத் தண்ணிக் கம்பெனிகள் நாலு பேர் சேர்ந்து ஒரே கண்ணாடி பாட்டில், கூஜா உருவத்துலயே கூட, போட்டா என்ன? கண்ணாடி ஃபாக்டரி சின்ன ஆர்டருக்கு மோல்டு மாட்டாது. நாலு பேர் ஆர்டரைச் சேர்த்தா பேச்சுக்கு இடம் இருக்கு. கழுவுறதுக்குச் சூடான காஸ்டிக் சோடாத் தண்ணி வேணும். நீங்க ஊதுற பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டில் அந்தச் சூட்டுல சுருங்கிரும், கண்ணாடி தாங்கும்.

புதுவயல்காரி:

அருமையான யோசனை, ஆனா அப்பா கேட்டுட்டுச் சிரிச்சாக. "இங்க ரெண்டு பங்காளி சேர்ந்து ஒரு கெணறு வெட்ட முடியல, நாலு கம்பெனி சேர்ந்து ஒரு பாட்டிலா?" கழுவுற லைனுக்கு இடமும் இல்ல, ஆளும் இல்ல. இருந்தாலும் அந்த ஓட்டல் விஷயத்தை மனசுல வச்சிருக்கேன்.

படிவக்காரர்:

அம்மா, அந்தப் படத்தை இங்க போடாதீங்க. இதைச் சொல்லத்தான் அவசரமா எழுதுறேன்.

பாட்டிலோட தோற்றத்துக்குப் பாதுகாப்பு வேணும்னா 2000ஆம் வருஷத்து டிசைன்ஸ் சட்டத்துல பதியணும். விண்ணப்பம் போடுறதுக்கு முன்னாடி அந்த வடிவம் எங்கேயும் வெளியாகியிருக்கக் கூடாதுன்னு பிரிவு 4 சொல்லுது. பொது இடத்துல படம் போட்டாலும் வெளியீடுதான், சாம்பிள் பாட்டிலை மண்டபத்துல நாலு பேர் முன்னாடி வச்சாலும் வெளியீடுதான். நீங்க இதுவரைக்கும் "கூஜா மாதிரி"ன்னு வாயாலதான் சொல்லியிருக்கீங்க, அதுல குறிப்பான உருவம் எதுவும் தெரியல. அதோட நிறுத்திக்கோங்க. மோல்டு செய்யறவர்கிட்டக் காட்டித்தான் ஆகணும். ரகசியம் காக்குறதா ஒரு தாள்ல கையெழுத்து வாங்கிட்டுக் காட்டுங்க.

பதிஞ்சா 10 வருஷம், புதுப்பிச்சா இன்னும் 5 வருஷம். சின்ன நிறுவனத்துக்கு விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய். பாட்டிலுக்கு வகுப்பு 09-01. ஆனா பரண்ல இருக்கிற கூஜாவை அளவெடுத்து அப்படியே இறக்கினா, ஊரறிஞ்ச உருவம்னு ஆட்சேபம் வரும். உங்க வளைவு, உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம், வரி விழுற இடம் எல்லாம் சேர்ந்த மொத்தத் தோற்றம் புதுசாத் தெரியணும். பிடிக்க வசதியா ஒரு பள்ளம், நசுங்காம இருக்க ஒரு வரின்னு வேலைக்காக மட்டும் இருக்கிற அம்சத்துக்கு இந்தச் சட்டத்துல உரிமை கிடையாது. கம்பெனிப் பேரு தனி, அது டிரேட்மார்க். "செட்டிநாடு"ங்கிற ஊர்ப்பேரை மட்டும் தனக்குன்னு கேட்டா டிரேட்மார்க் சட்டத்துப் பிரிவு 9 தடுக்கும்.

மோல்டோட பில், வரைபடம் ரெண்டும் கம்பெனி பேர்ல இருக்கட்டும். இல்லாட்டி அடுத்த ஆளுக்கு அதே வரைபடத்துல இன்னொரு மோல்டு வெட்டுறதைத் தடுக்கிறது கஷ்டம்.

கடைசியா ஒண்ணு. மோல்டுல உங்க பேரைத் தவிர வேற எதையும் வெட்டாதீங்க. ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம்ங்கிறதை 2024 அக்டோபர்ல எடுத்தாங்க, நவம்பர் கடைசியில உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ பாட்டில் தண்ணியை அதிக ஆபத்துள்ள உணவுப் பட்டியல்ல சேர்த்துச்சு. விதி இப்படி மாறிக்கிட்டே இருக்கும். லேபிளை மறுபடி அச்சடிச்சுரலாம், அலுமினிய மோல்டை மறுபடி வெட்ட முடியாது. லேபிள்ல "மினரல் வாட்டர்"னும் போட்டுராதீங்க. போர்வெல் தண்ணியை ஆர்.ஓவுல விட்டு எடுக்கிறது ஐஎஸ் 14543 படி பேக்கேஜ்டு டிரிங்கிங் வாட்டர். இயற்கை மினரல் தண்ணிக்கு ஐஎஸ் 13428னு வேற தரம் இருக்கு.

கானாடுகாத்தான் ஆச்சி:

ஏத்தா, கைப்பிடி இல்லாம என்ன கூஜா? அதைத் தூக்கிக்கிட்டு நடக்கிற அழகே அந்தப் பிடியிலதான் இருக்கு. மூடியில ஒரு வளையம் வச்சுக் குடு, பிள்ளைகளாவது விரல்ல மாட்டிக்கிட்டுத் திரியும்.

நீலம், பச்சைன்னு கலர் மட்டும் சேத்துராத. எங்க தெருவுக்கு வர்ற பழைய பாட்டில்காரன் வெள்ளை பாட்டிலுக்குத்தான் காசு தாரான். கலரைத் தொடவே மாட்டேங்கிறான், அதெல்லாம் ஊருணிக் கரையிலதான் கிடக்குது. குடிக்கிற தண்ணிக்குன்னு காலு கூட நனைக்க விடாமக் காத்த ஊருணி அது.

புதுவயல்காரி:

எல்லாருக்கும் நன்றி. படம் போடல, தம்பிகிட்டயும் வாட்ஸப் குரூப்ல அனுப்பக் கூடாதுன்னு சொல்லிட்டேன்.

வீட்டுல பேசி முடிச்சது இதுதான். 1 லிட்டரும் அரை லிட்டரும் இப்ப இருக்கிற மோல்டுலயே ஓடட்டும். 300 மில்லிக்கு மட்டும் கூஜா வயிறு, தோள் சரிவா. சதுரத்தைச் சித்தப்பா கைவிட்டாக. அதுக்குப் பதிலா லேபிள்ல எந்தெந்தப் பூன்னு தேர்ந்தெடுக்கிற அதிகாரம் முழுசா அவுகளுக்கு. இப்பவே ஆத்தங்குடியில கல்லு போடுறவங்க பட்டறைக்குப் போய் உக்காந்துட்டாக. கண்ணாடிப் பலகை மேல சாயத்தை ஊத்திக் கல்லு வாக்குறதைப் பார்த்துட்டு வந்து, "லேபிளும் அதே மாதிரி பளபளன்னு இருக்கணும்"னு நிக்கிறாக. அச்சகத்துக்காரர் பாடு.

அப்பாவை ஒத்துக்க வச்சது அழகு கிடையாது. மேஸ்திரி அண்ணன் சொன்ன சாயுற கதைதான். "பந்தியில நம்ம பாட்டில் விழாதுன்னா அதைச் சொல்லி விக்கலாம்"னாக. வியாபாரம் குறையும்னு சொன்னதுக்கு, மிச்சம் ஆகுற தண்ணியைக் காட்டியே அடுத்த கல்யாணத்தைப் பிடிக்கலாம்ங்கிறது அவுக கணக்கு. எனக்கு அதுல முழு நம்பிக்கை இல்ல, பாப்போம். ஆச்சி, மூடி வளையம் கேட்டுப் பாத்தேன், அதுக்குத் தனி மூடி மோல்டு வேணுமாம். இப்போதைக்கு முடியாது.

ஊதுறவன் தம்பிக்கு ஒரு கேள்வி. முதல்லயே ஒரே நேரத்துல ரெண்டு பாட்டில் ஊதுற ரெண்டு கேவிட்டி மோல்டு போடணுமா, ஒண்ணு போட்டுப் பாக்கலாமா? அடிப்பக்கத்தைச் சோடா பாட்டில் மாதிரி அஞ்சு கால் வச்சுப் போடலாம்ங்கிறான் தம்பி.

ஊதுறவன்:

ஒரு கேவிட்டி போதும்க்கா. அதுல ஊதிப் பாத்துத் திருத்தினதுக்கப்புறம் ரெண்டா வெட்டிக்கலாம். அஞ்சு கால் கேஸ் அழுத்தத்துக்காக வந்தது, உங்களுக்குத் தேவையில்ல. பேப்பர் மேல ஆடவும் செய்யும். அடியை உள்பக்கம் குவிச்சு, ஓரம் முழு வட்டமாத் தரையில படுற மாதிரி கேளுங்க.

சாம்பிள் வந்ததும் தண்ணி ரொப்பி, மூடி, ஒரு பெட்டியைக் கீழ வச்சு நீங்க வழக்கமா அடுக்குற உயரத்துக்கு மேல ஏத்துங்க. வேனுக்குள்ளயே சித்திரை வெயில்ல ஒரு நாள் விடுங்க. விண்ணப்பம் இன்னும் போடலன்னா வேன் கதவைப் பூட்டி வைங்க. அப்புறம் எடுத்துத் தோள் குழிஞ்சிருக்கா, அடி தள்ளியிருக்கான்னு பாருங்க. அந்தத் தண்ணியைச் செடிக்கு ஊத்திருங்க, யாருக்கும் குடிக்கக் குடுக்காதீங்க. தள்ளியிருந்தா எத்தனை மில்லிமீட்டர்னு எனக்குச் சொல்லுங்க, கிராம்ல சரி பண்ணலாமா மோல்டுல சரி பண்ணலாமான்னு பாக்கலாம்.